பஞ்சர் ஆன பிறகும் 80 கி.மீ. ஓடும் டயர்... நம்ம ஊர் ரோட்டுக்குச் சரிப்படுமா?

இரவு பதினொன்றரை மணி. மதுரையில் கல்யாண ரிசப்ஷனை முடித்துக்கொண்டு திருச்சிக்குத் திரும்பும் ஒரு கார். மேலூர் தாண்டியாகிவிட்டது, கொட்டாம்பட்டி வரப்போகிறது. பின்சீட்டில் அப்பத்தா, அவர் மடியில் தூங்கும் பேத்தி. திடீரென்று காருக்கு அடியில் 'தடக்... தடக்... தடக்' என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது.

"என்ன மாப்ள, ரோடு சரியில்லையா?"

"ரோடு நல்லாத்தான் இருக்கு மாமா. டயர் போயிருச்சு."

நான்குவழிச் சாலையில் கார் ஓட்டுகிற எந்தக் குடும்பத்துக்கும் என்றைக்காவது ஒருநாள் இந்த ராத்திரி வரத்தான் செய்யும். காரை ஓரம் கட்டி, டிக்கியைத் திறந்து, சீர்வரிசைப் பைகளையெல்லாம் இறக்கி வைத்து, அடியில் இருக்கும் ஸ்டெப்னியைத் தூக்கினால்... அதிலும் காற்று இல்லை. சிரிப்பு வருகிறதா? பஞ்சர் கடைக்காரர்களைக் கேட்டால், ஸ்டெப்னி டயரில் வருஷக்கணக்கில் காற்றே பார்க்காமல் வருகிறவர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள்.

பஞ்சரைவிடப் பெரிய ஆபத்து, அந்த இடத்தில் நிற்பதுதான். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. ஓரம் கட்டியது போக, பஞ்சரானது வலப்பக்கச் சக்கரம் என்றால், அதைக் கழற்றுபவர் தன் முதுகைச் சாலைக்குக் காட்டியபடிதான் குத்தவைத்து உட்கார வேண்டும். பின்னால் வருவது மீன் லோடு ஏற்றிய வண்டியாக இருக்கலாம், தூக்கக் கலக்கத்தில் ஆம்னி பஸ் ஓட்டுகிறவராகவும் இருக்கலாம். ஓரம் கட்டி நின்ற வண்டியின் மீது பின்னால் வந்த வண்டி மோதிய செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். அந்தச் செய்திகளில் பலவற்றில் 'பஞ்சர்' என்ற வார்த்தையோ, 'பழுதாகி நின்ற' என்ற வார்த்தையோ இருப்பதைக் கவனித்துப் பாருங்கள்.

'நிற்கவே வேண்டாம், காற்று போனாலும் ஓடிக்கொண்டே இரு' என்று சொல்லும் ரன்-ஃபிளாட் டயர் மீது பலருக்கு ஆசை வருவது இங்கேதான்.

சொகுசு கார் சிறிய ஊருக்கு வந்த கதை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். உங்கள் வீட்டில் இருப்பது ஸ்விஃப்ட், எர்டிகா, கிரெட்டா மாதிரியான கார் என்றால், அதில் இருப்பது சாதாரண ட்யூப்லெஸ் டயர்தான். ரன்-ஃபிளாட் என்பது இந்தியாவில் பெரும்பாலும் பி.எம்.டபிள்யூ., மினி, மெர்சிடிஸ் பென்ஸ் போன்ற கார்களின் சில மாடல்களோடு வரும் சரக்கு. பி.எம்.டபிள்யூ. தன் தொழிற்சாலையை 2007-ல் செங்கல்பட்டு பக்கம் திறந்தது. அன்றைக்கு அந்த கார்கள் சென்னை, கோவைப் பணக்காரர்களின் வண்டி. இன்றைக்கு நிலைமை வேறு. ஏழெட்டு வருஷம் ஓடிய சொகுசு கார், ஒரு புது நடுத்தர எஸ்.யு.வி. விலைக்கே செகண்ட்ஸில் கிடைக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஊர் திரும்பியவர்கள், ரியல் எஸ்டேட்காரர்கள், டாக்டர்கள் என்று மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி பக்கமெல்லாம் அவை வந்துவிட்டன.

வாங்கும்போது கார் நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து டயர் தேய்ந்தபிறகுதான் தலைவலி ஆரம்பிக்கும். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. கடைக்காரரோ டயரின் பக்கவாட்டைப் பார்த்துவிட்டு, 'இது ரன்-ஃபிளாட் சார், ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும்' என்கிறார். விலையைக் கேட்டதும் அடுத்த கேள்வி தானாக வருகிறது: 'இதே சைஸில் சாதாரண டயர் போட்டுக்கொண்டால் என்ன?'

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

காற்று போனாலும் எப்படி நிற்கிறது?

சாதாரண டயரில் காரின் எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே அடைத்து வைத்திருக்கும் காற்றுதான். காற்று போய்விட்டால் டயரின் பக்கச் சுவர் மடங்கிப் படுத்துவிடும். அப்படியே நகர்த்தினால் இரும்பு ரிம்முக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ரப்பர் சிக்கி நசுங்கும். 'பக்கத்துலதான் பங்க் இருக்கு, மெதுவா ஓட்டிப் போயிரலாம்' என்று ஒரு கிலோமீட்டர் உருட்டிய டயரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே கறுப்பு மாவு கொட்டும். அந்த டயரின் கதை அதோடு முடிந்தது.

ரன்-ஃபிளாட்டில் அந்தப் பக்கச் சுவரையே தடிமனாக்கிவிடுகிறார்கள். வெப்பம் தாங்கும் கெட்டியான ரப்பரை உள்பக்கமாக வைத்து வார்க்கிறார்கள். காற்று முழுதாக இறங்கினாலும், அந்தச் சுவரே தூண் மாதிரி நின்று காரைத் தாங்குகிறது. டயர் ரிம்மை விட்டு நழுவாமல் இருக்க, ரிம்மின் உள்விளிம்பிலும் கூடுதல் மேடு கொடுத்திருப்பார்கள். தலைவர்கள் போகும் குண்டு துளைக்காத கார்களில் இருப்பது வேறு வகை. அதில் டயருக்குள் தனியாக ஒரு வளையம் பொருத்தியிருப்பார்கள். கடையில் நமக்குக் கிடைப்பது சுவர் தடித்த வகைதான்.

யோசனை புதிதில்லை. டன்லப் நிறுவனம் 'டெனோவோ' என்ற பெயரில் 1970-களிலேயே இப்படி ஒன்றைக் கொண்டுவந்து, 1974-ல் மினி 1275 ஜி.டி. காருக்குக் கொடுத்தது. அமெரிக்காவில் 1997-ல் வந்த ஐந்தாம் தலைமுறை செவ்ரலே கார்வெட், ஸ்டெப்னியே இல்லாமல் ரன்-ஃபிளாட்டை நம்பி வந்தது. அதற்குப் பிறகுதான் ஜெர்மன் கார்கள் இதை வழக்கமாக்கின.

உங்கள் டயர் எந்த வகை என்று தெரிய, பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்.எஃப்.டி., மிஷலின் என்றால் இசட்.பி., கான்டினென்டல் என்றால் எஸ்.எஸ்.ஆர்., டன்லப் என்றால் டி.எஸ்.எஸ்.டி. குட்இயர் ஆர்.ஓ.எஃப். என்று போடுகிறது. எதுவும் புரியவில்லையா? போன் கேமராவில் படம் எடுத்து, டயர் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

80 கி.மீ. கணக்கும் மதுரை - திருச்சி ரோடும்

ரன்-ஃபிளாட் விளம்பரங்களில் அடிக்கடி வரும் எண் 80. காற்று போன பிறகு, மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், சுமார் 80 கி.மீ. தூரம் ஓட்டலாம் என்பதே பெரும்பாலான கம்பெனிகளின் கணக்கு. துல்லியமான அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும்.

இதை நம் ரோட்டில் வைத்துப் பார்ப்போம். துவரங்குறிச்சி, மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு நகரங்களுமே 80 கி.மீ.க்குள். அதாவது, இந்த நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் ஆணி குத்தினாலும், ரன்-ஃபிளாட் உள்ள கார் ஏதாவது ஒரு பெரிய நகரத்தை எட்டிவிடும். மேலூரில் குத்தினால் மதுரை முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. முதலில் சொன்ன குடும்பம் அப்பத்தாவையும் குழந்தையையும் ரோட்டில் இறக்கவே வேண்டியதில்லை. வண்டியைத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, மாட்டுத்தாவணி பக்கம் போய் நின்றுகொள்ளலாம். இதில் ரன்-ஃபிளாட்டுக்கு முழு மார்க் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆனால், 80 என்பது தலைக்கு மேல் எழுதிய எழுத்து இல்லை. காற்றில்லாத சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடங்கலில் சூடு பிறக்கிறது. அந்தச் சூடுதான் டயரைக் கொல்கிறது. காரில் ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருந்தால் தூரம் குறையும். மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும் மே மாத மத்தியானத்தில், தார் ரோடு அதைவிட அதிகமாகக் கொதிக்கும்போது, 80-ஐ முழுதாக எதிர்பார்க்கக் கூடாது. கொடைக்கானல் மலைப்பாதையில் பாதி ஏறிய பிறகு பஞ்சரானால், கீழே மதுரை 80 கி.மீ.க்கு வெளியே இருக்கும். வத்தலகுண்டோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயமும் உண்டு. ரன்-ஃபிளாட்டில் காற்று போனால் ஓட்டுகிறவருக்கே தெரியாது. சுவர் அவ்வளவு உறுதி. அதனால்தான் இந்த டயர் உள்ள கார்களில் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் டி.பி.எம்.எஸ். கருவி கட்டாயம் இருக்கும். டாஷ்போர்டில் குதிரை லாடம் மாதிரி ஒரு மஞ்சள் வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. அந்த விளக்கு எரிந்தும் 'சென்சார் கோளாறா இருக்கும்' என்று 110-ல் பறந்தால், எந்த டயரும் காப்பாற்றாது.

லாடத்து ஆணியும் காந்த வண்டியும்

லாடம் என்றதும் மதுரைக்காரர்களுக்கு ஒரு கதை நினைவுக்கு வரலாம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து ஓட்ட ஆரம்பித்த காலத்தில், மண் ரோடெல்லாம் மாட்டு லாடத்திலிருந்து கழன்ற ஆணிகளாகக் கிடக்குமாம். பஸ் டயர் நாளுக்கு நாள் பஞ்சர். பார்த்தார், பெரிய காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ரோட்டில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கவைத்தார் என்று மதுரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். பஞ்சருக்கு மருந்து டயருக்குள் இருக்கிறதா, ரோட்டில் இருக்கிறதா என்ற கேள்விக்கு அவர் ரோட்டின் பக்கம் நின்றிருக்கிறார்!

அந்தக் குடும்பத்தின் டயர் தொழிற்சாலையே இன்றைக்கு மேலூர் தாலுகாவில்தான் இருக்கிறது. மதுரையிலிருந்து மேலூர் வரும் வழியில் வெள்ளரிப்பட்டியில் உள்ள டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆலையில் பைக், ஆட்டோ டயர்கள் தயாராகின்றன. கார் ரன்-ஃபிளாட் அங்கே கிடையாது. ஆனால், டயர் என்றால் என்ன, பீடு என்றால் என்ன, எத்தனை ப்ளை என்று சரளமாகப் பேசும் தொழிலாளிகள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நிறையப் பேர் உண்டு. டயர் வாங்கப் போகும்போது அப்படி ஒரு சொந்தக்காரர் இருந்தால் கூட்டிக்கொண்டு போகலாம்.

பஞ்சர் ஒட்ட முடியுமா?

ரன்-ஃபிளாட்டின் பலவீனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாதாரண ட்யூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால், சர்வீஸ் ரோட்டோரப் பஞ்சர் கடையில் பத்து நிமிஷ வேலை. ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைக் குடைந்து, பசை தடவிய ஸ்ட்ரிப்பைச் செருகி, எச்சில் தொட்டுப் பார்த்து, 'காத்து நிக்குது, கெளம்புங்கண்ணே' என்று அனுப்பிவிடுவார்கள். நூறு, இருநூறு ரூபாயோடு முடியும். இன்னும் நன்றாகச் செய்ய வேண்டுமென்றால், டயரைக் கழற்றி உள்பக்கமாகக் காளான் வடிவ மஷ்ரூம் பேட்ச் வைப்பார்கள்.

ரன்-ஃபிளாட்டில் ஆணி குத்தியதும், கொஞ்சம்கூட ஓட்டாமல் நிறுத்தி ஒட்டினால், சில கம்பெனிகள் சில நிபந்தனைகளோடு ஒத்துக்கொள்கின்றன. சில கம்பெனிகள் ஒட்டவே கூடாது என்கின்றன. காற்றில்லாமல் ஓட்டிய பிறகு என்றால் நிலைமை மோசம். வெளியே பார்க்க டயர் புதிதாகத் தெரிந்தாலும், உள்ளே சுவர் வெந்து பலமிழந்திருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பெரும்பாலும் மாற்றச் சொல்லிவிடுவார்கள். ஒரு ஐந்து ரூபாய் ஆணிக்கு ஒரு புது டயர்!

அதுவும் எந்த டயர்? 17, 18, 19 அங்குல அளவு, அதிலும் குறிப்பிட்ட கம்பெனி, குறிப்பிட்ட குறியீடு. மேலூரில் உடனே கிடைக்க வாய்ப்பு குறைவு. மதுரையிலேயே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிடைக்காது. 80 கி.மீ. ஓடிப் பத்திரமாக ஊர் சேர்ந்தாயிற்று, சரி. அடுத்த மூன்று நாள் கார் ஷெட்டில் நிற்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் அதற்கு வாடகை டாக்ஸி எடுக்க வேண்டும்.

கழற்றி மாட்டுவதிலும் சிக்கல் உண்டு. லாரி டயரை லீவரும் சம்மட்டியும் வைத்துக் கழற்றுவதில் நம் ஊர்க் கடைக்காரர்கள் கில்லாடிகள். ஆனால், ரன்-ஃபிளாட்டின் சுவர் அவ்வளவு சீக்கிரம் வளையாது. லீவர் போட்டு நெம்பினால் டயரின் விளிம்பு கிழியும், அலாய் ரிம் கீறும், உள்ளே வால்வோடு ஒட்டியிருக்கும் சென்சார் உடையும். துணைக் கை உள்ள மெஷின் இருக்கும் கடையில்தான் கொடுக்க வேண்டும். நெடுஞ்சாலையில் எல்லாக் கடையிலும் அந்த மெஷினை எதிர்பார்க்க முடியாது.

இடுப்புக்கும் ஒரு விலை உண்டு

சுவர் கெட்டியானது என்றால் அதிர்வும் அதிகம். பள்ளத்தில் விழும்போது சாதாரண டயரின் சுவர் வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். ரன்-ஃபிளாட் வாங்காமல் அப்படியே ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் அனுப்பும். புது மாடல் கார்களில் சஸ்பென்ஷனையே இந்த டயருக்குத் தகுந்த மாதிரி வடிவமைக்கிறார்கள், டயர்களும் முன்பைவிட மென்மையாகிவிட்டன. பத்து வருஷத்துக்கு முந்தைய கார் என்றால், நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி அழகர்கோவில் பக்கமோ, வெள்ளலூர் நாட்டுக் கிராமங்களுக்கோ போகும்போது ஒவ்வொரு வேகத்தடையும் அப்பத்தாவின் இடுப்பில் தெரியும்.

பெரிய பள்ளத்தில் வேகமாக விழுந்தால் ரிம் வளையவும் விரிசல் விடவும் வாய்ப்பு இருக்கிறது. ரிம்மே வளைந்துவிட்டாலோ, கூரான கல் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டாலோ, ரன்-ஃபிளாட்டும் ஓடாது. மேலூர் சுற்றுவட்டாரம் கல்லுக்குப் பேர்போனது. கிரானைட் சில்லும் ஜல்லியும் தெறித்துக் கிடக்கும் ரோட்டோரத்தில் எந்த டயரையும் இறக்காமல் இருப்பதே நல்லது. 'ரன்-ஃபிளாட் வெடிக்காது' என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அது பஞ்சரைத் தாங்கும் டயர், கிழிசலைத் தாங்கும் டயர் இல்லை.

எடையும் அதிகம். அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். விலையோ, அதே அளவு சாதாரண டயரைவிடக் கணிசமாகக் கூடுதல். ஒரு உதாரணத்துக்கு, டயருக்கு 6,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், நான்கு டயருக்கு 24,000. இந்தப் பணத்தில் ஒரு ஸ்டெப்னி, ஜாக்கி, நல்ல ஏர் பம்ப், பஞ்சர் கிட் எல்லாம் வாங்கினாலும் மிச்சம் இருக்கலாம். ஆனால், அவற்றை ராத்திரியில் யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

'சாதாரண டயருக்கு மாறிடலாமா மாமா?'

மாறலாம். நிறையப் பேர் மாறுகிறார்கள். ஓட்டம் மென்மையாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களே அதிகம். ஆனால், அவசரப்படக் கூடாது.

நான்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். முன்னால் இரண்டு ரன்-ஃபிளாட், பின்னால் இரண்டு சாதாரணம் என்று கலந்து போட்டால், வளைவிலும் பிரேக்கிலும் கார் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. டயர் அளவு மட்டுமில்லை, அதன் பக்கத்தில் இருக்கும் எடை எண்ணும் வேக எழுத்தும் கார் கம்பெனி சொன்னதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். கார் வாரன்டியில் இருந்தால், டயர் வகையை மாற்றுவது பற்றி சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. டி.பி.எம்.எஸ். சென்சாரை எக்காரணம் கொண்டும் கழற்றிப் போட்டுவிடக் கூடாது. சாதாரண டயருக்கும் அது பொக்கிஷம்.

முக்கியமான சிக்கல் ஸ்டெப்னி. ரன்-ஃபிளாட்டோடு வந்த பல கார்களில் டிக்கிக்கு அடியில் அதற்கான குழியே இருக்காது. சின்ன ஸ்டெப்னியை டிக்கியில் படுக்கவைத்துக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். திடீர் பிரேக்கில் அது பறக்காமல் இறுக்கிக் கட்ட வேண்டும். டிக்கியில் பாதி இடம் அதற்கே போய்விடும்.

'ஸ்டெப்னி' என்ற வார்த்தையே ஒரு தெருவின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் உதிரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அங்கே அந்தப் பெயரை எப்போதோ மறந்துவிட்டார்கள். நம் ஊர் டிரைவர்கள் இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

ஸ்டெப்னியே இல்லாத புதுக் கார்

சொகுசு கார் இல்லாதவர்களும் கவனிக்க வேண்டிய இடம் இது. மத்திய அரசு 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் கார்களில், ட்யூப்லெஸ் டயரும் டி.பி.எம்.எஸ். கருவியும் பஞ்சர் பழுதுபார்க்கும் கிட்டும் இருந்தால், ஸ்டெப்னி கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றானது. பேட்டரிக்கு இடம் தேவைப்படும் சில மின்சார கார்களில் இப்போது ஸ்டெப்னிக்குப் பதில் ஒரு பாட்டில் சீலன்ட்டும் குட்டி ஏர் பம்பும்தான் வருகின்றன. புதுக் கார் புக் செய்யும்போது சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்பவர்கள், ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்பதில்லை.

சீலன்ட் பாட்டில் சின்ன ஆணி ஓட்டைக்கு நன்றாக வேலை செய்யும். வால்வு வழியாக உள்ளே விட்டு, பம்பால் காற்றடித்து, மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பசை பரவி ஓட்டையை அடைக்கும். பக்கச் சுவரில் கிழிசல் என்றால் ஒன்றும் ஆகாது. பாட்டிலுக்குக் காலாவதி தேதியும் உண்டு. அதன் பிறகு டயரைக் கழற்றும்போது, உள்ளே சீலன்ட் இருப்பதைப் பஞ்சர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் சட்டை முழுக்கப் பசைதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. டயருக்குள்ளேயே பிசின் மாதிரி ஒரு படலம் பூசி வரும் தானே அடைத்துக்கொள்ளும் டயர். ஆணி குத்தினாலும் பிடுங்கினாலும் பிசின் ஓட்டையை மூடிக்கொள்ளும். வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் பல வருஷமாக இருப்பது, ஜே.கே. டயர் 2020-ல் 'பஞ்சர் கார்டு' என்ற பெயரில் இங்கே அறிமுகப்படுத்தியது. சுவர் மென்மையாகவே இருப்பதால் இடுப்பு வலிக்காது. ஆனால், இதுவும் தரையில் படும் பகுதிக்கு மட்டும்தான்.

யாருக்கு எது?

தனியாக ராத்திரியில் நீண்ட தூரம் ஓட்டும் பெண்கள், வீல் நட்டைக் கழற்ற உடம்பு இடம் கொடுக்காத பெரியவர்கள், பச்சைக் குழந்தையோடு அடிக்கடி நெடுஞ்சாலையில் போகும் குடும்பங்கள் ஆகியோருக்கு, காரில் ஏற்கெனவே ரன்-ஃபிளாட் இருந்தால் அதைத் தொடர்வதே சரி. விலை அதிகம்தான். நடுராத்திரியில் இறங்காமல் இருப்பதற்கான விலை அது.

உள்ளூரிலும் கிராமத்து ரோட்டிலுமே பெரும்பாலும் ஓடும் பழைய சொகுசு கார் என்றால், சாதாரண டயருக்கு மாறி, ஸ்டெப்னிக்கும் பம்புக்கும் வழி செய்துகொள்வது நல்லது. கையில் ஆர்டர் போட்டுக் காத்திருக்கும் பொறுமையும் பணமும் இல்லாதவர்களுக்கும் இதுவே வழி.

சாதாரண காரில் சாதாரண டயர் இருக்கிறவர்கள், ரன்-ஃபிளாட் ஆசையையே விட்டுவிடலாம். அந்த ரிம்மும் சஸ்பென்ஷனும் அதற்காகச் செய்தவை இல்லை. பதிலாக, வால்வு மூடிக்குப் பதில் மாட்டும் டி.பி.எம்.எஸ். செட் ஒன்றை வாங்கலாம். பெரும்பாலான பஞ்சர் ஒரே நொடியில் காற்றை இறக்குவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். சிட்டம்பட்டி டோல்கேட் தாண்டும்போதே கருவி கத்திவிட்டால், வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, டீ குடித்துக்கொண்டே மாற்றலாம். இருட்டில் கொட்டாம்பட்டி பக்கம் நிற்க வேண்டியதில்லை.

அப்படியும் இருட்டில் நின்றுதான் ஆக வேண்டுமென்றால், முதலில் எல்லோரையும் இறக்கி, சாலையோரத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அனுப்புங்கள். காருக்குள் உட்கார்ந்திருப்பது பத்திரம் என்று நினைக்க வேண்டாம். நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, சிவப்பு முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். காரின் காலடியில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. வலப்பக்கச் சக்கரம் என்றால் நீங்களே மாற்றுவதற்கு முன் அந்த எண்ணுக்குக் கூப்பிடுவதே மேல். இடப்பக்கம் என்றால், ஜாக்கி தூக்கும் முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது நெம்பினால் கார் ஜாக்கியை விட்டு நழுவும். எதிர்ச் சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுங்கள். மேலூரில் கல்லுக்கா பஞ்சம்?

பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும்போது 'நாலு வீலும் பாத்துருங்க தம்பி' என்போம். ஐந்தாவது டிக்கியில் சும்மா கிடக்கும். மாதம் ஒருமுறை அதையும் எடுத்துக் காற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு சின்ன ஸ்டெப்னியாக இருந்தால் மற்ற டயர்களுக்கு அடிக்கும் 32, 33 பி.எஸ்.ஐ. போதாது. அதன் மீதே எழுதியிருக்கும், பெரும்பாலும் 60. பங்க் தம்பி நம்பாமல் திரும்பக் கேட்பார். எழுத்தைக் காட்டுங்கள்.